இஸ்தோப்பில் ஒரு சாண் வெயில்

போன வருசம் எங்கள் கூரைக்குத் தார் பூசியது சித்திரை பிறந்து பத்து நாளைக்குப் பிறகு. காலையில் வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆணித் துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சீலைத் துண்டு ஒட்டி, தார் பூசிக்கொண்டே வந்தேன். பகல் இரண்டு மணிக்கு இடி. அரை மணி நேரத்தில் மழை கொட்டிவிட்டது. ஈரத் தகரத்தில் தார் பிடிக்காது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இதே கதை: காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. தகரம் காய இடமே கிடைக்கவில்லை. வைகாசியில் காற்றோடு பெருமழை தொடங்கியதும் காம்பராவில் (அறையில்) மூன்று இடங்களில் ஒழுகியது. அதில் ஒன்று அண்ணன் மகன் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஆடி மாசம் முழுக்கத் தன் புத்தகங்களை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துத்தான் காப்பாற்றினான்.

"மாசியும் பங்குனியும் எப்பிடி ஓடுச்சுன்னே தெரியலம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். ஒவ்வொரு வருசமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. அதில் மார்கழியும் பங்குனியும் ஒரே அளவு கட்டம். ஓடுகிறது ஓடுகிறது என்கிறோமே, அந்த ஓட்டத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக வாசலில் கட்டியதுதான் இந்த வெயில் மேடை: உச்சி வெயில் எங்கே விழுகிறது என்று குறித்து வைக்கும் சீமெந்துத் தரை. ஆறு மாதம் அதன் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன். யாராவது கட்ட நினைத்தால் அளவுகள் உதவும்.

முதலில் எங்கள் பக்கத்து வெயில் காலம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானிலைத் திணைக்களம் இலங்கையின் வருசத்தை நான்காகப் பிரிக்கிறது: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, மார்ச்சும் ஏப்ரலும் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவம். நான்கிலும் கோடை என்று ஒரு பெயர் இல்லை. ஆனால் மலையகத்தில் எங்கள் ஊரான மஸ்கெலியாவில் வெயில் காலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தையில் தொடங்கும், பங்குனி முடிவதற்குள் போய்விடும். வடகீழ்க் காற்று தன் மழையையெல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. இராத்திரியில் குளிர் எலும்பைத் தொடும். நுவரெலியாவில் பனி உறைந்து தேயிலை கருகுவதும் இந்த நாட்களில்தான். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேற்குப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல ருசி வருவது இந்தக் காய்ச்சலில்தான் என்பார்கள். ஆனால் கொழுந்து குறையும். பீலியில் தண்ணீர் விரல் தடிமனுக்கு மெலியும், குடங்கள் வரிசையில் நிற்கும். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்ற வற்ற, தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள் வெளியே தலைகாட்டும்.

பகல் நீளுவதை வைத்து இங்கே பருவத்தைப் பிடிக்க முடியாது. வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எங்கள் ஊரில் வித்தியாசம் ஏறக்குறைய 50 நிமிடம்தான். மாறுவது உச்சி வெயில் நிற்கும் இடம். அதை அளக்க ஒரு கம்பமும் மட்டமான தரையும் போதும்.

கார்த்திகைத் தொடக்கத்தில் வாசலின் ஒரு மூலையில் வேலையைத் தொடங்கினோம். நானும் அண்ணன் மகனும்தான். தெற்கு வடக்காக 120 சென்ரிமீற்றர், கிழக்கு மேற்காக 90 சென்ரிமீற்றர், மூன்று அங்குலக் கனம். ஒன்றுக்கு இரண்டு, நாலு என்று சீமெந்து, மணல், சல்லி கலந்ததில் அரை மூட்டை சீமெந்து போயிற்று. ஒரு அங்குல இரும்புக் குழாயை மேடையின் கிழக்குப் பக்கமாக நிலத்துக்குள் ஒன்றரை அடி இறக்கி, கொங்கிறீட்டோடு சேர்த்து நிறுத்தினேன். எங்கள் வாசல் மண் மழைக்கு இளகும் மண். அதனால் அடியில் உடைகல் போட்டு இடித்துக் கெட்டியாக்கினோம். ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டினோம். இவ்வளவு செய்தும் முதல் நல்ல தூறலுக்குப் பிறகு மட்டம் பார்த்தால் வடக்கு முனை நாலு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. இரண்டு வாரம் விட்டு, இனி இறங்காது என்று தெரிந்த பிறகு, மேலே மெல்லிய பூச்சுப் போட்டு ரசமட்டத்தில் சரிசெய்தேன். மேடை மட்டமில்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

அடுத்தது நிழல் முனை. வெறும் கம்பத்தை நிறுத்தி அதன் நிழல் எங்கே முடிகிறது என்று குறிக்கப் போனால் பிடிபடாது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் நிழலின் நுனி ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கலங்கிப் போய்க் கிடக்கும். அண்ணன் மகன் ஒரு இடத்தைக் காட்டினான், நான் ஒரு இடத்தைக் காட்டினேன். இரண்டு நாள் இதிலேயே போனது. பிறகு பால்மா டின்னின் தகரத்தில் மூன்று அங்குலச் சதுரம் வெட்டி, நடுவில் நாலு மில்லிமீற்றர் துளை போட்டு, குழாயின் மேலிருந்து ஒரு கை போல மேற்கே நீட்டிப் பொருத்தினேன். துளை மேடையிலிருந்து சரியாக 1 மீற்றர் உயரம். தகரத்தின் நிழலுக்கு நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டின் நடுவைக் குறிப்பதில் இருவருக்கும் சண்டை வரவில்லை. துளை வழியாகவே தூக்குக் குண்டை இறக்கி, அதற்கு நேர் கீழே மேடையில் ஒரு குழி அடித்தேன். அளவெல்லாம் அந்தக் குழியிலிருந்துதான். பொட்டைத் தரையில்தான் பார்க்க வேண்டும், துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று பையனிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன்.

தெற்கு வடக்குக் கோட்டுக்குத் திசைகாட்டி வேண்டாம். சுற்றிலும் தகரக் கூரையும் இரும்புக் குழாயும் இருக்கும்போது அதன் முள்ளை நம்பவும் முடியாது. குழியை மையமாக வைத்து 70 சென்ரிமீற்றரில் ஒரு வட்டம் போட்டோம். மார்கழி முதல் வாரத்தில் மூன்று நாள் மப்பு, நாலாம் நாள் திறந்தது. முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன்னால் பொட்டு வட்டத்துக்குள் நுழைந்தது; ஒரு மணிக்குப் பிறகு மறுபக்கமாக வெளியேறியது. இரண்டு இடத்தையும் குறித்து, நடுவைக் கண்டுபிடித்து, குழியோடு சேர்த்தால் அதுதான் வடக்கு. நம் ஊர்ச் சிற்பிகளும் இப்படித்தான் கோயிலுக்குத் திசை பார்த்திருக்கிறார்கள். நூல் பிடித்துக் கோடு கீறியபோது தெரிந்த இன்னொன்று: எங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) முகப்பு ஏறத்தாழ நேர் தெற்கைப் பார்த்து நிற்கிறது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 21 அன்று பொட்டு கோட்டைத் தாண்டியபோது குழியிலிருந்து 58½ சென்ரிமீற்றர். அந்த வாரம் முழுக்க வைத்த நாலு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நகரவில்லை. பையனுக்குச் சலித்துவிட்டது. "சித்தப்பா, இது நிக்கிது" என்றான். நிற்கத்தான் செய்கிறது. சூரியன் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்புகிற இடம் அது.

தையில் ஒரு குழப்பம் வந்தது. மார்கழியில் பொட்டு 12.06க்குக் கோட்டைத் தொட்டது. தை நடுவில் 12.21 ஆகியது, பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.22. மேடை திரும்பிவிட்டதோ என்று பயந்து வட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கோடு சரியாகவே இருந்தது. மாறியது சூரியனின் நடை. பூமி தன் பாதையில் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உச்சிப்பொழுதைக் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுகின்றன. ஆகவே கடிகாரத்தில் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அளந்தால் பிழைக்கும். பொட்டு கோட்டைத் தொடும் வரை காத்திருந்துதான் அளக்க வேண்டும்.

இனி அந்த ஓட்டம். ஜனவரி 20: 51 சென்ரிமீற்றர். ஒரு மாதத்தில் ஏழரை சென்ரிமீற்றர்தான் நகர்ந்திருந்தது. பெப்ரவரி 20: 32. மார்ச் 20: 12. பெப்ரவரியிலிருந்து மார்ச்சுக்கு 20 சென்ரிமீற்றர்! பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு 7 மில்லிமீற்றர் பாய்ந்தது. நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் நடுவில் இடைவெளி நன்றாகத் தெரிகிறது. மேடையில் இப்போதும் தெரியும்: மார்கழிப் புள்ளிகள் எறும்புக் கூட்டம் போல ஒட்டிக் கிடக்கின்றன, பங்குனிப் புள்ளிகள் எட்டி எட்டி நிற்கின்றன. மாசியும் பங்குனியும் ஓடுகின்றன என்று நாம் சொல்வது சும்மா பேச்சு இல்லை. வானத்திலேயே அது ஓட்டம்தான். நாட்காட்டி இதைக் காட்டாது என்று எனக்குப் பட்டது சரியாகத்தான் இருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோசம் பெரியது.

அந்த மாசிக் கடைசியில் ஒரு நாள் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேடையருகில் நின்றார். நாற்பது வருசம் கூடை சுமந்தவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத ஒங்கப்பா இஸ்தோப்புல பாப்பாரு." இஸ்தோப்பு என்றால் லயத்து வீட்டின் முன் திண்ணை.

"என்னத்தம்மா?"

"வெயிலத்தான். மார்கழியில வெயிலு நெலப்படி வரைக்கும் வந்துரும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா வெளிய போகும். ஒரு சாணுக்கு வந்துருச்சுன்னா கூரைக்கு ஏறிறணும்னு சொல்லுவாரு. அதுக்குப் பொறகு ஏறுனா மழ விடாது."

அப்பா இறந்து ஒன்பது வருசமாகிறது. அவர் கூரைக்கு ஏறிய நாட்கள் நினைவிருக்கிறது. கீழே நின்று கல்லும் பழைய டயரும் எடுத்துக் கொடுத்தது நான்தான். எந்த நாளில் ஏறுவது என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றே இஸ்தோப்பை அளந்தேன். தரையிலிருந்து கூரை விளிம்பு 2 மீற்றர். விளிம்பிலிருந்து தூக்குக் குண்டு விட்டால் இஸ்தோப்பு ஓரத்துக்கு ஒரு விரல் வெளியே இறங்குகிறது. அங்கிருந்து நிலைப்படிக்கு 1 மீற்றர் 18. என் துளை 1 மீற்றர் உயரத்தில், கூரை விளிம்பு அதைப் போல இரு மடங்கு உயரத்தில். ஆகவே மேடையில் 58½ என்றால் இஸ்தோப்பில் 117. நிலைப்படியைத் தொட ஒரு சென்ரிமீற்றர் குறைவு! அம்மா சொன்னது அப்படியே. பங்குனியில் மேடையில் நாளுக்கு 7 மில்லிமீற்றர் என்றால் இஸ்தோப்பில் 14. விளிம்பு கொஞ்சம் கலங்கித் தெரியும், ஆனால் நகர்வு இரட்டை. அரை மூட்டை சீமெந்தில் நான் கட்டிய கருவியை விடப் பெரிய கருவிக்குள்தான் பிறந்ததிலிருந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

ஒரு சாண் வெயில் மார்ச் 22 அன்று வந்தது. உச்சி வெயில் இஸ்தோப்பு ஓரத்தில் ஒரு கீற்றாக நின்றது. மறுநாள் காலை ஏறினேன்.

கூரை வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணி வரிசை மேல்தான் காலை வைத்தேன், அதற்குக் கீழேதான் கைமரம் இருக்கிறது. கல்லையும் டயரையும் இறக்கி, தகரத்தைக் கழுவிக் காயவிட்டது முதல் நாள். இரண்டாம் நாள் துருவைத் தேய்த்து, ஆடிய ஆணிகளைப் பிடுங்கி, ரப்பர் வாசர் போட்ட புது ஆணி அடித்தேன். தாரை வெளியே மூன்று கல் அடுப்பில் இளக்கி, நெருப்பை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மண்ணெண்ணெய் கலந்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் ஓட்டைகள் மேல் பருத்திச் சீலைத் துண்டைத் தாரில் தோய்த்து ஒட்டி, மேலே ஒரு பூச்சு. நாலாம் நாள் இரண்டாம் பூச்சு. நாலு நாளும் தகரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்ததால் தார் நன்றாக இழுத்துப் பிடித்தது. பிறகு கல்லும் டயரும் பழைய இடத்துக்கு. தென்மேல் காற்று தொடங்கினால் அவை இல்லாமல் தகரம் நிற்காது.

மார்ச் 29 பின்னேரம் முதல் இடிமழை. அண்ணன் மகன் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு இல்லை.

ஏப்ரலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதைத் தெற்கிலிருந்து வடக்காக ஊர் ஊராக வானிலைத் திணைக்களம் அறிவிக்கும். 5ஆம் திகதி அளவில் தெற்குக் கரையில் தொடங்கி, சித்திரைப் பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்தில் முடியும். எங்கள் மேடையில் ஏப்ரல் 7. காலையிலிருந்தே முகில் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மலை முகடு தெரியவில்லை. 12.08க்கு ஒரு கிழிசல் வந்தது. பொட்டு மெல்ல ஊர்ந்துபோய், 12.10க்கு நான் அடித்த குழிக்குள்ளேயே நின்றது. இரண்டு நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் முகில் மூடிவிட்டது. சூரியன் தலைக்கு மேலே வந்த அந்த நாளோடு எங்கள் வெயில் காலம் முடிந்தே போய்விட்டது.

இதைப் போனில் அக்காவிடம் சொன்னேன். அக்கா கட்டிக்கொடுத்த இடம் பண்டாரவளைப் பக்கம். "ஒங்களுக்கு முடிஞ்சிருச்சா? எங்களுக்கு ஆனி ஆடியிலதான்டா வெயிலே. கச்சான் காத்து அடிச்சா ஒதடெல்லாம் வெடிச்சுரும்" என்றார். இது எனக்குத் தெரிந்த விசயம்தான். அக்கா இருக்கும் ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு ருசி ஏறுவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. ஆனால் மேடையைக் கட்டிய பிறகு அது வேறு மாதிரிப் பட்டது. மஸ்கெலியாவும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. இதே மேடையை அக்கா வாசலில் கட்டியிருந்தால் ஒவ்வொரு புள்ளியும் இதே இடத்தில்தான் விழும். நடுவில் ஒரு மலைத் தொடர். தென்மேல் காற்று தன் மழையை எங்கள் கூரையில் இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி அந்தப் பக்கம் இறங்குகிறது. மார்கழி தையில் அது அப்படியே மறுபுறம். சூரியன் இரண்டு வாசலுக்கும் ஒன்றுபோலத்தான் வருகிறது. எந்த வாசலில் வெயில், எந்த வாசலில் மழை என்பதைக் காற்றும் மலையும் முடிவு செய்கின்றன. அப்பாவின் ஒரு சாண் கணக்கு அக்கா வீட்டுக்குச் செல்லாது.

மே மாதத்தில் மேடைக்கு வேலையே இல்லை. பொட்டு குழியைத் தாண்டித் தெற்குப் பக்கம் போய்விட்டது. நாலைந்து புள்ளிக்கு மேல் வைக்கக் கிடைக்கவில்லை. வெசாக் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் முடிந்து, டிசம்பரிலிருந்து இரவில் மலையில் ஏணி போலத் தெரிந்த விளக்கு வரிசை அணைந்தது. பிறகு காற்று. பிறகு மழை, மழை, மழை.

ஜூன் 21க்கு எங்களுக்கு நம்பிக்கை இல்லை. மதியம் மூடுபனி கொஞ்சம் வெளுத்து, மங்கலாக ஒரு பொட்டு தெரிந்தது. தெற்கே 30 சென்ரிமீற்றர். பெப்ரவரி 23 அன்று வடக்கே வைத்த புள்ளியும் குழியிலிருந்து 30தான். அதே உயரச் சூரியன். அன்று பீலியில் தண்ணீர் இல்லை, இன்று மேடையின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது. பையன் எனாமல் பெயிண்ட் வைக்க முடியாமல் ஆணியால் கீறிவிட்டு உள்ளே ஓடி வந்தான். இனிப் பொட்டு திரும்பி வடக்கே வரும். செப்டம்பர் 5 அளவில் மறுபடி குழியைத் தாண்டும். மழை விட்டால் பார்க்கலாம்.

அதே பின்னேரம் இஸ்தோப்பில் ஒரு கோடு வெட்டினோம். காற்று இல்லாத மழை. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக ஒழுகிக் கீழே வரிசையாகக் குழி போட்டிருந்தது. தூக்குக் குண்டு தேவைப்படவில்லை. அம்மா குனிந்து, சொட்டும் கோட்டிலிருந்து உள்ளே ஒரு சாண் போட்டார். நான் உளியை வைக்கப் போனேன்.

"இருடா" என்றார். "ஒங்கப்பா கை இத விடப் பெருசு."

இன்னும் ஒரு விரல் கூட்டி வைத்தார். அந்த இடத்தில் வெட்டினேன்.